கடலில் தேடப்பட்ட விமானம்: ‘லேடி பி குட்’ விபத்து வரலாற்றில் ஆவணமும் அனுமானமும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரில் 1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவிலிருந்து நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ‘லேடி பி குட்’ திரும்பவில்லை. அது மத்தியதரைக் கடலில் வீழ்ந்ததாகக் கருதப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், கடற்கரைத் தளத்திலிருந்து 440 மைல் தொலைவில், பாலைவனத்தின் நடுவே அது கண்டெடுக்கப்பட்டது. அந்த இரவில் கொள்ளப்பட்ட ஓர் அனுமானம் ஆவண உண்மையாக நிலைபெற்ற முறையையும், பருப்பொருட் சான்றுகளும் நாட்குறிப்பும் அதனைத் திருத்திய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சான்றின்மையே சான்றாகக் கொள்ளப்படும்போது நேரும் பிழை இதன் மையப்பொருளாகும்.

கலைச்சொற்கள்: விபத்து வரலாறு, மூலத் திறனாய்வு, அனுமானம், பருப்பொருட் சான்று, நாட்குறிப்பு, திசையளவு

முன்னுரை

போர்க்கால விமான விபத்துகளை ஆராய்வோர்க்குப் பெரும்பாலும் இருவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. அலுவலகங்களில் எழுதப்பட்ட ஆவணங்கள் ஒருவகை. மண்ணிலோ நீரிலோ எஞ்சிய சிதைவுகள் மற்றொரு வகை. இவை ஒன்றையொன்று உறுதிசெய்யும் இடங்களில் ஆய்வாளரின் பணி எளிதாகிறது. முரண்படும் இடங்களில், எது எவ்வாறு எழுதப்பட்டது என்னும் வினா எழுகிறது.

அத்தகைய முரண் மிகத் தெளிவாக வெளிப்பட்ட நிகழ்வு ‘லேடி பி குட்’ விமானத்தின் இழப்பாகும். இவ்விமானத்தைப் பற்றி 1962இல் டென்னிஸ் மெக்ளெண்டன் நூல் எழுதினார். 1995இல் மரியோ மார்ட்டினெஸ் அதன் குழுவினரை முதன்மைப்படுத்தி மற்றொரு நூலை வெளியிட்டார். பொதுவாசகரிடையே இந்நிகழ்வு ஒரு மர்மக் கதையாகவே பரவியுள்ளது. இக்கட்டுரை இதனை மூலத் திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. விமானம் எங்கே வீழ்ந்தது என்பதற்கு இன்று விடை உண்டு. பதினைந்து ஆண்டுகள் அது வேறோர் இடத்தில் இருப்பதாக நம்பப்பட்டது ஏன் என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

1. பறத்தலும் காணாமற்போதலும்

‘லேடி பி குட்’ பி-24டி லிபரேட்டர் வகையைச் சேர்ந்த நான்கு எஞ்சின் விமானம், தொடரெண் 41-24301. 1924ஆம் ஆண்டில் அரங்கேறிய கெர்ஷ்வின் சகோதரர்களின் இசைநாடகத் தலைப்பே அதற்குப் பெயராயிற்று. 376ஆம் குண்டுவீச்சுப் பிரிவின் 514ஆம் அணியில் அது சேர்க்கப்பட்டிருந்தது. பெங்காசிக்கு அருகிலிருந்த சுலுக் என்னும் இடம் அதன் தளமாகும்.

விமானக் குழுவில் ஒன்பதின்மர் இருந்தனர். வில்லியம் ஹாட்டன் விமானி, ராபர்ட் டோனர் துணை விமானி, டி.பி. ஹேஸ் வழிகாணுநர், ஜான் வொராவ்கா குண்டுவீச்சாளர். ரிப்ஸ்லிங்கர், லாமோட், ஷெல்லி, மூர், ஆடம்ஸ் ஆகிய ஐவரும் பொறியியல், வானொலி, துப்பாக்கிப் பணிகளை ஏற்றிருந்தனர். இவர்கள் ஒரு குழுவாகப் போருக்குச் சென்றது அன்றே முதன்முறை.

1943 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் 25 லிபரேட்டர் விமானங்கள் நேப்பிள்ஸ் நோக்கிப் புறப்பட்டன. புறப்படும் வேளையில் மணற்புயல் வீசியது. எஞ்சின்களில் மணல் புகுந்ததால் இரண்டாம் தொகுதியைச் சேர்ந்த விமானங்கள் பல தளத்திற்குத் திரும்பின. இறுதியாகப் புறப்பட்டவற்றுள் ஒன்றான ‘லேடி பி குட்’ தொடர்ந்து பறந்தது. மாலை 7.50 மணியளவில் நேப்பிள்ஸை நெருங்கியபோது இலக்கைக் காணப் போதிய வெளிச்சம் இல்லை. எனவே அது தாக்காமல் திரும்பியது. பிற விமானங்களிலிருந்து பிரிந்து, இருளில் தனியே கடலைக் கடந்தது.

2. 330 பாகை: ஒரு திசையளவின் இரு பொருள்

நள்ளிரவு கடந்து 12.12 மணிக்கு ஹாட்டன் வானொலியில் தொடர்புகொண்டார். தம் விமானத்தின் தானியங்கித் திசைகாட்டும் கருவி இயங்கவில்லை எனக் கூறித் தம் இருப்பிடத்தை வேண்டினார். பெங்காசிக்கு அருகிலுள்ள பெனினா நிலையம் அவருடைய வானொலி அலையை அளந்து 330 பாகை என்னும் திசையளவை அளித்தது. விமானம் நிலையத்திற்கு வடமேற்கில், கடலின்மேல் வந்துகொண்டிருக்கிறது என்பது இதன் பொருளாகக் கொள்ளப்பட்டது.

இவ்விடத்தில் அக்கருவி இயங்கும் முறையை அறிதல் இன்றியமையாதது. வளைய வடிவ ஆண்டெனாவைச் சுழற்றும்போது ஒரு குறிப்பிட்ட நிலையில் ஒலி மிகக் குறைகிறது. அந்நிலையைக் கொண்டு அலை எந்தக் கோட்டின்வழி வருகிறது என்று அறியலாம். அக்கோட்டின் எந்த முனையிலிருந்து வருகிறது என்பதை வளைய ஆண்டெனா தனித்து உணர்த்தாது. அதற்குத் துணை ஆண்டெனாவோ, வேறோர் இடத்திலுள்ள நிலையத்தின் இரண்டாவது அளவோ தேவை. எனவே 330 பாகை என்ற அளவு, அதற்கு நேரெதிரான 150 பாகையாகவும் இருக்கக்கூடும். முன்னது வடமேற்கிலுள்ள கடல். பின்னது தென்கிழக்கிலுள்ள பாலைவனம்.

கருவி தந்தது ஒரு கோடு மட்டுமே. கடல் என்பது அக்கோட்டின்மேல் மனிதர் ஏற்றிய பொருள். நேப்பிள்ஸிலிருந்து வரும் விமானம் வடக்கிலிருந்துதான் வரும் என்னும் எதிர்பார்ப்பே அதற்கு அடிப்படை. அது நியாயமான எதிர்பார்ப்பு. ஆயினும் அளந்தறிந்த உண்மை அன்று.

அவ்வேளையில் விமானம் உண்மையில் எங்கே இருந்தது என்பதைப் பின்னர்க் கிடைத்த சான்றுகளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். அதிகாலை 2 மணியளவில் குழுவினர் பாராசூட்டில் குதித்ததை டோனரின் நாட்குறிப்பு தெரிவிக்கிறது. ஆளற்ற விமானம் அதன்பின் ஏறத்தாழ 16 மைல் பறந்து தரைதட்டியது. அது கிடந்த இடம் சுலுக்கிலிருந்து 440 மைல். ஆகவே குதித்த இடம் சுலுக்கிலிருந்து ஏறத்தாழ 424 மைல் தொலைவில் அமைகிறது. 12.12 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட காலம் 1 மணி 48 நிமிடம். பி-24டி விமானத்தின் இயல்பான பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 மைல். அவ்வேகத்தில் அக்காலத்துக்குள் கடக்கத்தக்க தொலைவு 360 மைல். அதாவது வானொலியில் பேசியபோதே விமானம் தளத்தைத் தாண்டி அறுபது மைல் அளவுக்கு உள்நாட்டில் இருந்திருக்கலாம்.

பின்புறக் காற்று விமானத்தை உந்தியிருந்தால் இக்கணக்கு மாறும். தரைவேகம் மணிக்கு 235 மைலாக இருந்திருப்பின் 12.12 மணிக்கு அது தளத்தின்மேல் இருந்திருக்கும். அப்போதும் கடலின்மேல் 50 மைல் தொலைவில் இருந்தது எனக் கொள்வதற்குத் தரைவேகம் 260 மைலைக் கடந்திருக்க வேண்டும். எரிபொருள் குறைந்த நிலையில் பறந்த விமானத்திற்கு அது எளிதில் பொருந்துவதன்று. விமானம் நேர்கோட்டில் பறந்தது என்னும் எடுகோள் இக்கணக்கில் உண்டு. நேரங்கள் சில நிமிடங்கள் முன்பின்னாக இருக்கலாம். இவ்வரம்புகளுக்கு உட்பட்டு நோக்கின், 330 பாகை என்று சொல்லப்பட்டது 150 பாகையாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

விமானம் தளத்தைக் கடந்து சென்றபோது தரையிலிருந்து ஒளிக்குண்டுகள் ஏவப்பட்டன என்றும், குழுவினர் அவற்றைக் காணவில்லை என்றும் பின்னை வரலாறுகள் கூறுகின்றன. இக்கூற்றை ஏற்பின், கடல் என்னும் முடிவுக்கு மாறான ஒரு குறிப்பு அந்த இரவிலேயே தளத்தில் இருந்தது என்பது பெறப்படும்.

3. அனுமானம் ஆவணமாதல்

மறுநாள் தொடங்கிய தேடல் கடலை நோக்கியே சென்றது. எதுவும் கிடைக்கவில்லை. கடலில் வீழ்ந்த விமானம் தடயமின்றி மூழ்குவது இயல்பு. ஆதலால் தடயம் கிடைக்காமை கடலில் வீழ்ந்தது என்னும் கருத்தை மறுக்கவில்லை; மாறாக, அதனை வலுப்படுத்தியது.

மணிமேகலையின் ‘சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில் அளவைவாதி கூறும் பத்து அளவைகளுள் கருதலும் அபாவமும் இடம்பெறுகின்றன. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என அறிவதும் அறிவே என்பது அபாவத்தின் அடிப்படை. ஆயின் பொருள் இருந்தால் புலப்படக்கூடிய இடத்தில் தேடியபின்னரே அதன் இன்மை அறிவாகும். கடற்பரப்பில் விமானத்தைக் காணாமை, அது கடலடியில் இருப்பதையும் காட்டாது. பாலைவனத்தில் இல்லை என்பதையும் காட்டாது. 1943இல் நிகழ்ந்த தருக்கப் பிழை இதுவே: கருதலால் ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, அங்குக் கண்ட இன்மையால் அக்கருதலையே உறுதிசெய்தனர்.

ஆவண நடைமுறையின் காலமும் இங்குக் கருதத்தக்கது. காணாமற்போன விமானக் குழுவினரைப் பற்றிய தனி அறிக்கைப் படிவத்தை அமெரிக்க இராணுவ வான்படை 1943 மே மாதத்தில்தான் அறிமுகப்படுத்தியது. இறுதியாகக் காணப்பட்ட இடம், வானிலை, கண்டவர் கூற்று ஆகியவற்றை இழப்பு நிகழ்ந்த 48 மணி நேரத்திற்குள் பதிவுசெய்தல் அதன் நோக்கம். ‘லேடி பி குட்’ அதற்கு முந்தைய மாதமே காணாமற்போயிற்று. முந்தைய இழப்புகளுக்கான அறிக்கைகள் பின்னர்த் தொகுத்து எழுதப்பட்டவை. நிகழ்வுக்கு அணித்தாக எழுதப்பட்ட ஆவணத்தையும் பின்னோக்கித் தொகுக்கப்பட்ட ஆவணத்தையும் ஒரே தரத்தில் வைத்து நோக்குதல் ஆய்வாளர் தவிர்க்க வேண்டிய பிழையாகும்.

ஓராண்டு கழிந்தபின் ஒன்பதின்மரும் இறந்தோராகக் கருதப்பட்டனர். போர் முடிந்தபின் வட ஆப்பிரிக்காவில் அமெரிக்க வீரர்தம் உடல்களைத் தேடிய கல்லறைப் பதிவு அமைப்பும் கடலில் மறைந்தனர் என்னும் முடிவைக் கடக்கவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் முந்தைய அலுவலகத்தின் முடிவைத் தன் தொடக்கமாகக் கொண்டது. எடுத்தாளப்படுந்தோறும் ‘இருக்கலாம்’ என்னும் சொல் தேய்ந்து மறைந்தது.

4. பாலைவனத்தில் கிடைத்த சான்று

1958 நவம்பர் 9 அன்று டார்சி எண்ணெய் நிறுவனத்தின் பிரித்தானிய ஆய்வுக்குழு ஒன்று, கலான்ஷியோ மணற்கடலை அடுத்த சரளைச் சமவெளியில் விமானமொன்று கிடப்பதைக் கண்டது. திரிப்பொலியிலிருந்த வீலஸ் அமெரிக்க வான்தளத்திற்கு அச்செய்தி தெரிவிக்கப்பட்டது. அப்பகுதியில் விமானம் எதுவும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை என்பதால் உடனடி நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

இந்நிகழ்வு வரலாற்று முறையியலுக்கு மிக முக்கியமானது. விமானம் கண்ணாற் காணப்பட்டது. ஆவணத்தில் அது இல்லை. ஆவணமே நம்பப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொள்ளப்பட்ட அனுமானம், நேர்க்காட்சியையும் புறந்தள்ளும் வலிமை பெற்றிருந்தது.

1959 பிப்ரவரி 27 அன்று எண்ணெய் ஆய்வாளர்கள் தரைவழியாக விமானத்தை அடைந்தனர். அவ்வாண்டு மே மாத இறுதியில் வீலஸ் தளத்திலிருந்து அமெரிக்க மீட்புக்குழு சென்றது. விமானத்தின் உடற்பகுதி பின்புறத்தில் முறிந்திருந்தது; எனினும் பெரிதும் உருக்குலையவில்லை. வறண்ட காற்று அதனைக் காத்திருந்தது. இயந்திரத் துப்பாக்கிகள் சுடும் நிலையில் இருந்தன. வானொலி இயங்கியது. குடிநீரும் உணவும் உள்ளே இருந்தன. மனித உடல் ஒன்றும் இல்லை, பாராசூட்டுகளும் இல்லை.

இச்சான்றுகள் ஒவ்வொன்றும் ஒரு முடிவைத் தந்தன. பாராசூட்டுகள் இல்லாமை குழுவினர் குதித்ததை உணர்த்தியது. நான்கு எஞ்சின்களில் மூன்று நின்றுபோக, ஒன்று மட்டும் தரைதட்டும்வரை இயங்கியமை, எரிபொருள் தீர்ந்துவந்ததையும் விமானம் தானே சரிந்து இறங்கியதையும் காட்டியது. போரில் தாக்குண்டு வீழ்ந்தது என்னும் கருத்துக்கு இடமே இல்லாமற்போயிற்று. இங்கும் ஓர் இன்மையே சான்றாகிறது என்பது நோக்கத்தக்கது. பாராசூட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தேடி, அது இல்லாமை அறியப்பட்டதால் இவ்வின்மை பொருளுடையதாகிறது.

5. நாட்குறிப்பும் நடைவழியும்

குழுவினரைத் தேடும் பணி 1959இல் சில மாதங்கள் நடந்தது. காலணிகளை அம்பு வடிவில் அடுக்கியும், பாராசூட் துணிகளைக் கற்களால் அழுத்தியும் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள் வடமேற்குத் திசையைக் காட்டின. ஒரு கட்டத்திற்குப் பின் அடையாளங்கள் மணற்குன்றுகளிடையே மறைந்தன. உடல்கள் மணலுள் புதைந்திருக்கலாம் என்று கருதித் தேடல் கைவிடப்பட்டது. நீரின்றி அதற்கும் அப்பால் மனிதர் நடந்திருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கப்படவில்லை. இரண்டாம் முறையாகவும் அனுமானமே தேடலின் எல்லையை வகுத்தது.

1960 பிப்ரவரியில் எண்ணெய் ஆய்வுக்குழுவினரே ஐந்து உடல்களைக் கண்டனர். அவை ஹாட்டன், டோனர், ஹேஸ், லாமோட், ஆடம்ஸ் ஆகியோருடையவை. குதித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 80 மைல் அவர்கள் நடந்திருந்தனர். டோனரிடம் சிறு நாட்குறிப்பு ஒன்று இருந்தது. ஏப்ரல் 4 முதல் 12 வரை நாள்தோறும் சில சொற்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. எட்டுப் பேருக்கு அரைக் குடுவை நீர். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மூடியளவு. பகல் வெயில், இரவுக் குளிர், மணலால் நேர்ந்த கண்வலி, தேடிவரும் விமானத்துக்கான எதிர்பார்ப்பு, இறைவேண்டல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். ஏப்ரல் 9 அன்று ஐவர் நடக்க இயலாது தங்கினர். ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் ஆகிய மூவர் உதவி தேடி மேலும் சென்றனர்.

1960 மே மாதத்தில் ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர் ஆகியோரின் உடல்கள் மேலும் இருபது மைல் கடந்து கிடைத்தன. ரிப்ஸ்லிங்கரும் நாட்குறிப்பு எழுதியிருந்தார். ஆகஸ்டில் வொராவ்காவின் உடல் கிடைத்தது. அவருடைய பாராசூட் முழுமையாக விரியவில்லை. குழுவினர் கூடிய இடத்திற்கு அவர் வராத காரணம் அதனால் விளங்கியது. மூரின் உடல் அடையாளம் காணப்படவேயில்லை.

நாட்குறிப்பு ஆவண வரலாற்றில் நிகழ்த்திய மாற்றம் பெரிது. குழுவினர் இறந்த நாள் ஏப்ரல் 4 அல்லது 5 என்னும் கருத்து அதனால் வீழ்ந்தது. கடலில் தேடல் நடந்த நாள்களில் எட்டுப் பேர் உயிருடன் நடந்துகொண்டிருந்தனர். குறைந்தது ஒருவர் எட்டாம் நாளிலும் எழுதும் நிலையில் இருந்தார். திசையளவின் மறுமுனையை ஒருவர் ஐயுற்றிருப்பின் தேடலின் ஒரு பகுதியேனும் தெற்கே திரும்பியிருக்கும். அவ்வாறு திரும்பியிருந்தால் அவர்கள் காப்பாற்றப்பட்டிருப்பர் என்று உறுதிகூற இயலாது, பாலைவனம் பரந்தது. ஆயினும் அனுமானப் பிழை ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இது சான்று.

பிழையான அனுமானம் குழுவினரையும் விடவில்லை. கடற்கரை அணித்தே உள்ளது என்னும் நம்பிக்கையில் அவர்கள் வடமேற்கே நடந்தனர். நீரும் உணவும் இயங்கும் வானொலியும் கொண்ட விமானம் அவர்களுக்குத் தெற்கே 16 மைலில் கிடந்தது. அது முழுமையாகத் தரைதட்டியிருக்கும் என எண்ண அவர்களுக்குக் காரணம் இல்லை. தாம் இருந்த இடத்தை அறியாதவர்க்கு அவர்கள் எடுத்த முடிவு அறிவார்ந்ததே.

6. பழியும் சாபமும்

இடம் தெரிந்தபின் வினாக்கள் முடியவில்லை. பின்வந்த எழுத்துகள் சிலவற்றில் பழி வழிகாணுநர்மேல் விழுந்தது. முதற்பணியில் ஈடுபட்ட இளைஞர் வழிதவறினார் என்பது எளிதில் சொல்லக்கூடிய கதை. மேற்கண்ட சான்றுகள் அதனை அவ்வளவு எளிதாக ஏற்க விடுவதில்லை. மணற்புயல், பிரிந்த அணி, பழுதுற்ற கருவி, இருமுனைப் பொருளுடைய திசையளவு, இரண்டாவது நிலையத்தின் அளவு இல்லாமை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே இழப்பு நேர்ந்தது. தளம் கடல் என்று சொன்னபின் விமானத்திலுள்ளோர் அதனை ஐயுறுதல் அரிது. மறுமொழி கூற இயலாத ஒருவர்மேல் முழுப்பழியையும் ஏற்றுதல் சான்றின் எல்லையைக் கடப்பதாகும்.

மற்றொரு கதை சாபம் பற்றியது. மீட்கப்பட்ட உதிரிப்பாகங்கள் வேறு விமானங்களில் பொருத்தப்பட்டன என்றும், அவை விபத்துக்குள்ளாயின என்றும் கூறுவர். ஒரு மரத்தில் தெய்வம் உறைகிறது என வழிவழியாகச் சொல்லப்படுவதைக் கொள்ளும் அளவையை மணிமேகலை ஐதிகம் என்கிறது. சாபக் கதை அவ்வகையினது. விபத்துக்கு உள்ளாகாத விமானங்களில் பொருத்தப்பட்ட பாகங்களைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. வரலாற்றாய்வில் இதற்குச் சான்று மதிப்பு இல்லை. ஓர் இழப்பைச் சமூகம் எவ்வாறு நினைவிற்கொள்கிறது என்பதற்கான தரவாக மட்டும் இது பயன்படும்.

முடிவுரை

‘லேடி பி குட்’ விமானத்தின் சிதைவுகள் 1994இல் லிபிய அரசால் பாலைவனத்திலிருந்து அகற்றப்பட்டுத் தோப்ருக் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கிடந்த இடமே சான்றாக இருந்த ஒரு பொருள் அவ்விடத்திலிருந்து பெயர்ந்துவிட்டது. இனி அதன் வரலாறு மீண்டும் ஏடுகளையே சார்ந்துள்ளது.

இவ்வாய்வினால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, விபத்து ஆவணங்களில் அளக்கப்பட்டதையும் அதன்மேல் ஏற்றப்பட்ட பொருளையும் பிரித்தறிதல் வேண்டும்; 330 என்பது அளவு, கடல் என்பது பொருள். இரண்டாவது, தேடிய இடத்தின் எல்லையை அறியாமல் ‘கிடைக்கவில்லை’ என்னும் குறிப்பைச் சான்றாகக் கொள்ளலாகாது. மூன்றாவது, ஓர் ஆவணம் மற்றோர் ஆவணத்தை வழிமொழிவதால் சான்றுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. பல ஏடுகளுக்குப் பின்னால் ஒரே ஓர் இரவின் ஊகம் இருக்கக்கூடும்.

வானொலிப் பதிவின் நேரம், நாட்குறிப்பின் நேரம், சிதைவு கிடந்த தொலைவு ஆகிய மூன்றும் வெவ்வேறு கைகளில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்து கிடந்தன. அவை ஒன்றுசேர்ந்த பின்னரே அந்த இரவு விளங்கியது. ‘கடலில் மறைந்தது’ என்னும் முடிவுடன் மூடப்பட்ட பிற இழப்புகளின் ஏடுகளையும் இந்நோக்கில் மீண்டும் திறந்து பார்த்தல் தகும்.